இரவில் இறங்கும் ஹெலிகொப்டரும் கண்ணுக்குத் தெரியாத கம்பிகளும்

பாடசாலைகளின் குளிர்கால விடுமுறையில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஹல்லிங்டால் பக்கமாக ‘ஹித்தே’ எனப்படும் மலைக்குடில் ஒன்றை மூன்று நாட்களுக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம். பனியில் சறுக்கப் பிள்ளைகளுக்கு ஆசை. இடியப்பமும் சொதியுமாக அடுப்படியில் கூடியிருந்து கதைக்கப் பெரியவர்களுக்கு ஆசை. இரண்டாம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் நண்பர் ஒருவரின் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். முகம் வெளிறி, நெற்றியில் வியர்வை அரும்பிற்று. வெளியே பதினைந்து பாகைக் குளிர்.

113 ஐ அழைத்தவன் நான். மறுமுனையில் இருந்த பெண்மணி மிகவும் நிதானமாகப் பேசினார். நோயாளியின் வயது, வலியின் தன்மை, மூச்சு ஆகியவற்றைக் கேட்டறிந்தபின், ஹெலிகொப்டர் புறப்பட்டுவிட்டது என்றார். அதற்குப் பின்னர் அவர் கேட்ட வினாக்களே இப்பத்தியை எழுதத் தூண்டியவை. அருகில் சமதரையான திறந்தவெளி உண்டா? அதனருகே மின்கம்பி போகின்றதா? காற்றில் பறக்கக்கூடிய பொருட்கள் ஏதும் வெளியே கிடக்கின்றனவா? முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஒருவாறு பதில் சொன்னேன். இரண்டாவதுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. இரண்டு நாட்களாக அந்த முற்றத்தில் நின்று தேநீர் குடித்தோம், படம் எடுத்தோம், பனிமனிதன் செய்தோம். வீட்டுக்குள் மின்விளக்கு எரிந்தது. அந்த மின்சாரம் எவ்வழியால் வந்தது என்பதை எம்மில் ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

பள்ளத்தாக்கில் அந்த ஓசை கேட்கத் தொடங்கியதும் இரண்டு விடயங்கள் ஒரே கணத்தில் நடந்தன. எங்களோடு வந்திருந்த எண்பது வயதைத் தாண்டிய அம்மம்மா, “பிள்ளையள், உள்ளுக்கு ஓடி வாங்கோ! ஹெலி வருது, நிலத்திலை படுங்கோ!” என்று கத்தினார். பிள்ளைகளோ நேர்மாறாக, கைத்தொலைபேசிகளின் வெளிச்சத்தைப் பாய்ச்சியவாறு முற்றத்துக்கு ஓடினர். நண்பர் தமது வாகனத்தின் முன்விளக்குகளை முழு வெளிச்சத்தில் போட்டு, மைதானத்தைக் காட்டுவதாக எண்ணி, வருகின்ற வானூர்தியை நோக்கியே திருப்பினார். ஹெலிகொப்டர் எமது தலைக்கு மேலே இருமுறை வட்டமிட்டது. பின்னர் எங்களை விட்டு விலகி, அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் ஆற்றங்கரை வயலொன்றில் இறங்கிற்று. வைத்தியரும் மீட்பாளரும் பொதிகளோடு அயலிலுள்ள விவசாயி ஒருவரின் உழவு இயந்திரத்தில் ஏறி எம்மிடம் வந்துசேர்ந்தனர். அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் எமக்கு ஒரு யுகமாக இருந்தன. “வீட்டு வாசல்வரை வந்துவிட்டு ஏன் இறங்காமற் போனார்கள்?” என்று எம்மவர் சிலர் முணுமுணுத்தனர். நானும் முணுமுணுத்தேன்.

மாமா பிழைத்துக்கொண்டார். அன்றிரவு மீட்பாளர் புறப்படுமுன் நண்பரிடம் சொன்னதை இங்கு குறிப்பிடல் வேண்டும். களஞ்சியத்துக்குப் பின்னால் இரண்டு மின்கம்பங்களைக் கண்டார்களாம். கம்பங்கள் இருந்தால் அவற்றிடையே கம்பி இருக்கும். ஆனால் கம்பி தெரியவில்லை. அத்துடன் கீழிருந்து வந்த வெளிச்சத்தில் வேறெதுவும் தெரியவில்லை. ஆகவே இறங்கவில்லை. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இருக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஒஸ்லோவுக்குத் திரும்பிய பின்னர் இவ்விடயத்தைத் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க, அன்று நாம் முணுமுணுத்தது எவ்வளவு பெரிய அறியாமை என்பது புலப்பட்டது.

2014 ஜனவரி 14 ஆம் திகதி, சந்விகாவுக்கும் ஹொனஃபொஸ்ஸுக்கும் இடையே ஈ16 நெடுஞ்சாலையில் சொலிஹொக்டா என்னுமிடத்தில் வீதி விபத்தொன்று நிகழ்ந்தது. எம்மவர் பலர் அவ்வழியால் வாரந்தோறும் வாகனம் ஓட்டுகின்றனர். காயமடைந்தோரை மீட்பதற்காக லோரன்ஸ்கூக் தளத்திலிருந்து ஈ.சி.135 ரக வைத்திய ஹெலிகொப்டர் ஒன்று சென்றது. விபத்து நடந்த இடத்தருகே இறங்க முயன்றபோது அது வீதியைக் குறுக்கறுத்துச் சென்ற மின்கம்பிகளில் மோதி வீழ்ந்தது. விமானியும் வைத்தியரும் மாண்டனர். மூன்றாமவரான மீட்பாளர் படுகாயங்களுடன் உயிர் தப்பினார். இதில் மனத்தை உறுத்தும் விடயம் யாதெனில், அது இரவல்ல. முற்பகல் வேளை. பயிற்சி மிக்க மூவர், ஆறு கண்கள், பகல் வெளிச்சம். அத்தனையும் இருந்தும் கம்பி கண்ணிற் படவில்லை.

பகலிலேயே இப்படியென்றால் இரவைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நோர்வேயில் இரவு என்பது விதிவிலக்கன்று. மார்கழியில் ஒஸ்லோவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஆறு மணிநேரப் பகல். துரொம்சோவில் கார்த்திகைப் பிற்பகுதி தொடக்கம் தைமாத நடுப்பகுதிவரை சூரியன் உதிப்பதே இல்லை. போட்ஸ்ஃபியூர்டிலும் வார்டோவிலும் மீன் தொழிற்சாலைகளில் வேலைசெய்து, பின்னர் ஒஸ்லோவின் குரூருட் பள்ளத்தாக்குக்கு இடம்பெயர்ந்த எம்மவருக்கு இவ்விருளைப் பற்றி எவரும் விளக்கவேண்டியதில்லை. இந்நாட்டில் பகலில் மட்டும் பறக்கும் வைத்தியசேவை என்பது அரைவாசி ஆண்டு உறங்கும் சேவையாகிவிடும்.

கம்பி ஏன் தெரிவதில்லை? நாம் தொலைவிலுள்ள பொருளை அதன் பருமனையும் பின்னணியையும் வைத்தே மதிப்பிடுகின்றோம். விரல் பருமனுள்ள கம்பிக்குப் பின்னணியில் மரக்காடு இருப்பின், நூறு மீற்றருக்கு அப்பால் அது கண்ணைப் பொறுத்தவரை இல்லாத பொருள். நாட்பட்ட கம்பி மங்கிச் சாம்பல் நிறமாகிவிடுகின்றது. கம்பங்களும் மரங்களிடையே மறைந்து நின்றால் கம்பியை ஊகித்து அறியும் வழியும் அடைபட்டுவிடுகின்றது. ஆதலால் விமானிகள் கம்பியைத் தேடுவதில்லை, கம்பத்தைத் தேடுகின்றனர். வீடு ஒன்றைக் கண்டால் அதற்கு எங்கிருந்தோ கம்பி வருகின்றது என்றும், வீதி ஒன்றைக் கண்டால் அதன் ஓரமாகவோ குறுக்காகவோ கம்பி போகின்றது என்றும் எடுத்துக்கொள்கின்றனர். இல்லை என்று நிரூபிக்கப்படும்வரை கம்பி உண்டு.

இரவில் விமானிகள் அணியும் இரவுப்பார்வைக் கண்ணாடியைப் பற்றி எம்மிடையே ஒரு மிகைப்பட்ட நம்பிக்கை உண்டு. திரைப்படங்களில் பார்த்ததை வைத்து, இருளைப் பகலாக்கும் மந்திரக் கண்ணாடி அது என்று எண்ணுகின்றோம். நட்சத்திர வெளிச்சத்தையும் நிலவொளியையும் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவி அது என்பது உண்மையே. மலைமுகடும், ஆறும், காடும் அதில் தெரியும். ஆனால் அதன் பார்வைப் பரப்பு ஏறத்தாழ 40 பாகை மட்டுமே. குழாயொன்றின் ஊடாகப் பார்ப்பதைப் போன்றது. பக்கத்தைப் பார்க்கத் தலையைத் திருப்பவேண்டும். ஆழத்தை மதிப்பிடுவதும் கடினம். மெல்லிய கம்பியை அது காட்டும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. அதற்குள் பலத்த வெளிச்சம் நேராகப் பாய்ந்தால், கருவி தன் பெருக்கத்தைத் தானே குறைத்துக்கொள்ள, சுற்றியுள்ள காட்சி மங்கிவிடுகின்றது. வெற்றுக் கண்ணுக்கும் இதே கதிதான்: இருளுக்கு முழுமையாகப் பழக அரைமணி நேரமளவு வேண்டும், அப்பழக்கத்தைக் குலைக்க ஒரு நொடி வெளிச்சம் போதும். நண்பரின் வாகன முன்விளக்கு அன்றிரவு செய்த காரியம் இதுதான்.

அடுத்தது பனி. எமது ஊரில் புழுதி, இங்கே வெண்பனி. ஹெலிகொப்டரின் சுழலி கீழ்நோக்கித் தள்ளும் காற்று தரையில் மோதி வெளியே விரிந்து, மீண்டும் மேலெழுந்து வருகின்றது. புதிதாக வீழ்ந்த தூள்பனியை அக்காற்று அள்ளிக்கொண்டு எழும்போது, தரையிலிருந்து பத்துப் பதினைந்து மீற்றர் உயரத்தில் விமானி திடீரென ஒரு வெண்திரைக்குள் அகப்படுகின்றார். தரை எது, வானம் எது, ஊர்தி பக்கவாட்டில் நகர்கின்றதா இல்லையா என்பன தெரிவதில்லை. மிகவும் கைதேர்ந்தவர்களும் அஞ்சும் கணம் அது. அசையாத ஒரு கரும்புள்ளி, அதாவது ஒரு புதர், ஒரு கல், ஒரு வேலிக்கட்டை, கண்ணிற் பட்டால் அதைப் பற்றிக்கொண்டு இறங்குவர். அது கிடைக்காவிடின் மேலெழுந்து வேறிடம் தேடுவர். சரிவான தரை, பனிக்குள் புதைந்த கற்கள், வேலிக் கம்பிகள் என்பன இதற்கு மேலதிகம்.

இடத்தின் அளவையும் கவனியுங்கள். முன்கூட்டி அளந்து பார்க்கப்படாத இடத்தில் இரவில் இறங்குவதாயின், ஊர்தியின் முழு நீளத்தைப்போல் நான்கு மடங்கு நீளமும் இரு மடங்கு அகலமும் கொண்ட வெளி வேண்டும் என்பது ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு விதிகளின் அளவுகோல். சுழலியோடு சேர்த்து ஈ.சி.135 இன் நீளம் ஏறத்தாழ 12 மீற்றர். ஆகவே சுமார் 49 மீற்றர் நீளமும் 24 மீற்றர் அகலமும் தேவை. உதைபந்தாட்ட மைதானத்தின் ஏறத்தாழ ஆறிலொரு பங்குப் பரப்பு. எமது ஹித்தேயின் முற்றம் நான்கு வாகனங்கள் நிறுத்தியதும் நிரம்பிவிட்ட முற்றம்.

நோர்வேயில் இச்சேவை வளர்ந்த கதையையும் சற்றுக் கூறிவிடலாம். மயக்கமருந்து வைத்தியரான யென்ஸ் மூ என்பவரின் முயற்சியால் 1978 இல் லோரன்ஸ்கூக்கில் முதலாவது வைத்திய ஹெலிகொப்டர் தளம் இயங்கத் தொடங்கிற்று. நோயாளியை வைத்தியரிடம் கொண்டுசெல்வதற்குப் பதிலாக வைத்தியரை நோயாளியிடம் கொண்டுசெல்வது என்பதே அவரது எண்ணம். 1988 இல் அரசு இதனை நாடளாவிய சேவையாகப் பொறுப்பேற்றது. ஊர்தியில் மூவர்: விமானி, மயக்கமருந்து நிபுணத்துவம் பெற்ற வைத்தியர், மீட்பாளர். இம்மூன்றாமவர் வைத்தியருக்கு உதவுபவர் மட்டுமல்லர். பறக்கும்போது விமானிக்கு அருகில் அமர்ந்து வரைபடத்தையும் தடைகளையும் கவனிப்பவர் அவரே. இறங்குமிடத்தை மேலிருந்து வட்டமிட்டு, அளவு, சரிவு, காற்று, கம்பி என்று மூவரும் உரத்துப் பேசிக்கொள்வர். மூவரில் ஒருவர் “வேண்டாம்” என்றால் இறங்குவதில்லை என்பது இத்தொழிலில் ஊறிய வழக்கம். ஒஸ்லோ நகருக்குள்ளும் அண்மித்த இடங்களுக்கும் பெரும்பாலும் வைத்தியர் காரிலேயே வருவார்; அதைக் கண்டு “எங்களுக்கு ஹெலி அனுப்பவில்லை” என்று மனம் நோக வேண்டியதில்லை.

இலண்டனில் வாழும் எம் உறவினர் இதை நன்கறிவர். 1989 இல் தொடங்கிய இலண்டன் வான்வழி வைத்தியசேவை பகலில் ஹெலிகொப்டரிலும் இருள் சூழ்ந்தபின் காரிலும் தனது வைத்தியர்களை அனுப்புகின்றது. வீதிகளும் விளக்குக் கம்பங்களும் செறிந்த மாநகரில், இருளில் இறங்குவதைவிடக் கார் பத்திரமானது என்ற கணக்கு அது. மாறாகச் சுவிற்சர்லாந்தின் றேகா அமைப்பு 1987 இலிருந்தே இரவுப்பார்வைக் கண்ணாடியோடு மலைகளில் பறந்து வருகின்றது. எது சரி என்பது ஊரின் அமைப்பைப் பொறுத்தது.

அமெரிக்காவின் அனுபவம் கசப்பானது. 2002 ஜனவரி தொடக்கம் 2005 ஜனவரி வரையான மூன்று ஆண்டுகளில் அவசர வைத்தியப் பறப்புகளில் 55 விபத்துகளும் 54 மரணங்களும் நிகழ்ந்ததாக அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2006 இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. புறப்படுமுன்னர் ஆபத்தை முறைப்படி எடைபோட்டுப் பார்க்கும் நடைமுறை வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அங்கே சில சேவைகளில், நோயாளி குழந்தையா முதியவரா, நிலைமை எவ்வளவு மோசம் என்பதை விமானிக்குச் சொல்வதே இல்லையாம். இடமும் காலநிலையும் மட்டும் சொல்லப்படும். போகலாமா வேண்டாமா என்பதை அவர் அவற்றைக் கொண்டு மட்டும் தீர்மானிக்கவேண்டும். இரக்கம் கண்ணை மறைத்துவிடக்கூடாது என்பதற்காக. முதலில் வாசித்தபோது கல்நெஞ்சமான ஏற்பாடாகத் தோன்றிற்று. மாமாவைத் தாங்கிக்கொண்டு நின்ற அந்த இரவை நினைத்துப் பார்த்தபோது, நாம் தொலைபேசியில் அழுத அழுகை அந்த விமானியின் காதில் நேரே விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தேன்.

பழக்கமற்ற மைதானத்தில் இரவில் இறங்குவதன் விலையை எம்மவர் வேறொரு வகையில் அறிவர். 1987 ஒக்ரோபர் 11 ஆம், 12 ஆம் திகதிகளுக்கு இடைப்பட்ட இரவில் இந்திய இராணுவம் எம்.ஐ.8 ரக ஹெலிகொப்டர்களில் யாழ். பல்கலைக்கழக மைதானத்தில் தன் வீரர்களை இறக்கிற்று. முதலில் இறங்குவோர் பின்வருவோருக்கு மைதானத்தை அடையாளமிட்டுக் காட்டவேண்டும் என்பது திட்டம். நிலத்திலிருந்து எழுந்த துப்பாக்கிச் சூட்டில் பின்வந்த ஊர்திகளால் தொடர்ந்து இறங்க முடியவில்லை. இறங்கியிருந்த சீக்கிய காலாட்படையினர் முப்பது பேரில் உயிரோடு மிஞ்சியவர் ஒருவரே. அது போர், இது வைத்தியம், ஒப்பிடுவது பொருத்தமற்றது என்பதை அறிவேன். ஆயினும் அன்று திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் வீட்டுத் தரையில் குப்புறப் படுத்திருந்தவர்களுட் பலர் இன்று ரொம்மனிலும் ஸ்தொவ்னரிலும் வாழ்கின்றனர். எம் அம்மம்மாவும் அவர்களுள் ஒருவர். நாற்பது ஆண்டுகள் ஆகியும் அந்த ஓசை அவருக்கு ஒரே பொருளைத்தான் தருகின்றது. பேரப்பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. தரையில் நிற்பவர் எவ்வாறு நடக்கவேண்டும் என்பது இரு தலைமுறைக்கும் தெரியாது.

ஆகவே தெரிந்துகொண்டதைச் சொல்கின்றேன். வெளிச்சத்தை ஒருபோதும் வானூர்தியை நோக்கிப் பாய்ச்சக்கூடாது; தரையை நோக்கிப் பிடிக்கவேண்டும். வாகன முன்விளக்கைத் தாழ்த்தவேண்டும். கம்பி இருந்தால் அதைத் தொலைபேசியில் முதலிலேயே சொல்லவேண்டும். நோர்வேஜிய மொழி வராதவர்களுக்கு ‘ஸ்திரூம்லெட்னிங்’ என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்லித் திசையையும் சொன்னால் அவர்கள் விளங்கிக்கொள்வர். தொப்பி, சால்வை, பிளாஸ்ரிக் விரிப்பு, பிள்ளைகளின் பனிச்சறுக்குப் பலகை எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடவேண்டும். சுழலி நிற்கும்வரை, அல்லது உள்ளிருப்பவர் கையசைத்து அழைக்கும்வரை, எவரும் கிட்டப் போகக்கூடாது. போவதாயின் விமானி பார்க்கக்கூடிய முன்பக்கத்தால் போகவேண்டும். பின்புறத்தில் வாற்சுழலி உண்டு. அது சுழலும்போது கண்ணுக்குத் தெரியாது. சரிவான நிலமாயின் மேட்டுப் பக்கத்திலிருந்து இறங்கிப் போகவே கூடாது. மேட்டில் நிற்பவரின் தலைக்கும் சுழலிக்கும் இடையிலான தூரம் குறைவு.

காற்றைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். 2022 மார்ச் மாதத்தில் இங்கிலாந்தின் பிளிமத் நகர வைத்தியசாலையில் கரையோரக் காவற்படையின் பெரிய ஹெலிகொப்டர் ஒன்று இறங்கியபோது, வாகனத் தரிப்பிடத்தில் நடந்து சென்ற 87 வயது மூதாட்டி ஒருவர் அக்காற்றினால் தூக்கி வீழ்த்தப்பட்டு உயிரிழந்தார். அது முறையாகக் கட்டப்பட்ட இறங்குதளம். நோர்வேயிலும் பழைய ‘சீ கிங்’ மீட்பு ஹெலிகொப்டர்களுக்குப் பதிலாக 2020 இலிருந்து சேவையில் சேர்க்கப்பட்ட பெரிய ஊர்திகளின் காற்று மிகப் பலமாக இருந்தமையால், பல வைத்தியசாலைகளின் தளங்களில் அவற்றை இறக்கமுடியாத நிலை ஏற்பட்டது.

ஒரு விடயத்தில் எனக்கு உடன்பாடின்மை உண்டு. நோர்வேயில் 2014 இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி, குடியிருப்புச் செறிவுக்கு வெளியே 15 மீற்றருக்கும், செறிவான இடங்களில் 30 மீற்றருக்கும் மேற்பட்ட தடைகளை உரிமையாளர் பதிவுசெய்தல் வேண்டும். அவை விமானிகளின் மின்வரைபடத்துக்கு வந்துசேரும், நல்ல ஏற்பாடு. ஆனால் நிறப்பந்துகளாலோ விளக்குகளாலோ அடையாளமிட வேண்டிய கட்டாயம் பொதுவாக 60 மீற்றர் உயரத்திலிருந்தே தொடங்குகின்றது. சாதாரண விமானங்களுக்கு அது போதும். வைத்திய ஹெலிகொப்டரோ பூச்சியத்துக்கு இறங்குவது. ஃபியூர்டுக்கு மேலே தொங்கும் பெருங்கம்பியைவிட, களஞ்சியத்துக்குப் பின்னால் பத்து மீற்றர் உயரத்தில் ஓடும் சிறுகம்பியே அதற்கு எமன். நாடு முழுவதிலும் உள்ள சிறுகம்பிகளுக்கெல்லாம் பந்து கட்டமுடியாது என்பர், உண்மைதான். ஆனால் வீதி விபத்துகள் அடிக்கடி நிகழும் நெடுஞ்சாலைகளைக் குறுக்கறுக்கும் கம்பிகளையாவது முதலில் அடையாளமிடலாம், அல்லது நிலத்தின்கீழ் புதைக்கலாம். மின்சார நிறுவனங்களுக்கு இது பெருஞ்செலவன்று.

நேரத்தைப் பொறுத்தவரை, கைத்தொலைபேசியில் ‘யெல்ப் 113’ என்னும் செயலியை ஏற்றி வைத்திருப்பது நன்று. அழைக்கும்போது நாம் நிற்குமிடத்தை அது மையத்துக்கு அனுப்பிவிடும். அன்றிரவு ஹித்தேயின் விலாசம் எம்மில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. வாடகைப் பத்திரத்தைத் தேடி எடுக்கவே ஐந்து நிமிடம் சென்றது.

அடுத்த நாட்காலை, மாமா வைத்தியசாலையில் இருக்க, பொருட்களைக் கட்டிக்கொண்டு புறப்படுமுன் நானும் நண்பரும் களஞ்சியத்துக்குப் பின்னால் சென்று பார்த்தோம். இரண்டு கம்பங்கள். அவற்றிடையே மூன்று கம்பிகள், பனிபடிந்து வானத்தின் நிறத்திலேயே, எமது முற்றத்தின் மூலையைக் குறுக்கறுத்துச் சென்றன. நண்பரின் வாகனம் நின்ற இடத்துக்கு நேர்மேலே. அம்மம்மாவும் பிடிவாதமாகக் கூட வந்திருந்தார். கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து நெடுநேரம் பார்த்தார். “எங்கை தம்பி? எனக்கொண்டும் தெரியேல்லையே” என்றார்.